கூடு கசியும் காலம்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு சந்துக் கடை. 2025 ஆகஸ்ட் கடைசி வாரம். என் பழைய போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டுவதற்காக நின்றிருந்தேன். கடைப் பையன் ஒரு பார்சலைப் பிரித்து, பேக் கவர்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தான். எல்லாக் கவரிலும் கேமராவுக்கு விட்டிருந்த திறப்பு ஒரு மாதிரியாக இருந்தது. வழக்கமாக மூலையில் சதுரமாக இருக்கும். இதில் முதுகின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பட்டையாக ஓடியது.

"இது எந்த மாடலுக்கு, தம்பி?"

"பதினேழு ப்ரோ, சார்."

"அது இன்னும் வரவே இல்லையே!"

"போன் வரல சார். கவர் வந்துடுச்சு."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே மேசை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். டம்மி. அலுமினியத்தில் கடைந்த கட்டி. திரை இருக்கவேண்டிய இடத்தில் பளபளப்பான கறுப்பு ஸ்டிக்கர். பட்டன்கள் இருந்தன, அழுந்தவில்லை. சார்ஜர் துளை ஒரு குழிதான். சார்ஜர் பின்னைச் செருக வழியில்லை. மூன்று கேமராக்களும் கண்ணாடிப் பொட்டுகள். கவர் செய்கிறவர்கள் இப்படி ஒரு கட்டியை வைத்துக்கொண்டுதான் அச்சு வெட்டுகிறார்கள். போன் கடைக்கு வரும் அன்றே கவரும் தொங்கவில்லை என்றால் அந்தச் சீசன் போயிற்று.

செப்டம்பர் 9 அன்று ஆப்பிள் ஐபோன் 17 வரிசையை அறிவித்தது. ப்ரோவின் முதுகில் அதே பட்டை, ஓரத்திலிருந்து ஓரம் வரை. டம்மி பொய் சொல்லவில்லை. ஆனால் அதே மேடையில் வந்த மெல்லிய போன் விஷயத்தில் ஊகக்காரர்கள் ஒன்றைக் கோட்டைவிட்டார்கள். மாதக்கணக்கில் எல்லோரும் அதை ‘ஐபோன் 17 ஏர்’ என்றே எழுதிவந்தார்கள். வந்ததோ எண்ணில்லாத வெறும் ‘ஐபோன் ஏர்’.

உடம்பு சரியாகக் கசிந்தது, பெயர் கசியவில்லை. அடுத்த போனைப் பற்றிய இருபதாண்டு ஊகங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இதே கதைதான். கையால் தொடக்கூடியது வெளியே வந்துவிடும். ஒரு அறைக்குள் எடுக்கப்படும் முடிவு வருவதில்லை. எடுத்தவர்களே கடைசிவரை அதை மாற்றிக்கொண்டிருப்பார்கள். இது தெரிந்து படித்தால் ஊகச் செய்திகளில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று பிரிப்பது அவ்வளவு கடினமில்லை.

தொடக்கத்தில் கசிவதற்குப் பொருளே இல்லை. 2005 செப்டம்பரில் மோட்டோரோலாவும் ஆப்பிளும் சேர்ந்து ராக்கர் என்று ஒரு போனை விட்டன. நூறு பாட்டுக்கு மேல் ஏற்றமுடியாத அந்தப் போன் எடுபடவில்லை. அதற்குப் பிறகு, ஆப்பிள் தானே ஒரு போன் செய்கிறது என்ற பேச்சு வலுத்தது. ரசிகர்கள் படம் வரைந்து தள்ளினார்கள். அந்தப் படங்களில் பெரும்பாலானவை ஐபாடின் வட்டச் சக்கரத்தோடு ஒரு எண் பலகையை ஒட்டவைத்தவை. தெரிந்த பொருளை வைத்துத் தெரியாததை வரைந்தார்கள். வேறு வழியும் இல்லை. 2006 டிசம்பரில் ‘ஐபோன்’ என்ற பெயரில் ஒரு சாதனம் வரவும் செய்தது, ஆனால் அது சிஸ்கோவின் லிங்க்சிஸ் பிரிவு விட்ட இணையவழித் தொலைபேசி. 2007 ஜனவரி 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், நிஜப் போனைக் காட்டுவதற்கு முன்பு, பழைய தொலைபேசிச் சுழல் டயல் ஒட்டிய ஐபாட் படம் ஒன்றைக் காட்டிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தார். ஓராண்டு ஊகத்துக்கு அவர் சொன்ன பதில் அந்த ஒரு படம்.

புதிய பொருளை இப்படிக் கடைசிவரை மூடிவைப்பது வெறும் நாடக ஆசையால் அல்ல. கணினி வணிகத்தில் ஆஸ்போர்ன் கதை என்று ஒன்று உண்டு. 1981-இல் ஆடம் ஆஸ்போர்னின் நிறுவனம், தூக்கிச் செல்லக்கூடிய கணினி என்று ஒன்றை 1,795 டாலருக்கு விற்றது. எடை 11 கிலோ. தூக்கலாம் என்றுதான் சொன்னார்கள், சுலபமாகத் தூக்கலாம் என்று சொல்லவில்லை. நன்றாக விற்றது. 1983-இல் அடுத்த மாடல் வரப்போகிறது என்ற பேச்சு பரவியதும், இருப்பதை வாங்குவதை வியாபாரிகள் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திவால். போட்டியும் நிர்வாகக் கோளாறும்தான் பெரிய காரணங்கள் என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டிருக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. இருந்தாலும் சிலிக்கான் பள்ளத்தாக்கில் நின்றுபோன பாடம், நாளைய சரக்கைப் பேசினால் இன்றைய சரக்கு தேங்கும் என்பதே.

ஆப்பிள் இதைத் தன் கணக்கிலேயே பார்த்தது. 2017 மே மாதம், 5.08 கோடி ஐபோன்கள் விற்ற காலாண்டின் கணக்கை வாசிக்கையில் (முந்தைய ஆண்டு அதே காலாண்டில் 5.12 கோடி), வரப்போகும் போன்களைப் பற்றிய செய்திகள் முன்கூட்டியும் அடிக்கடியும் வருவதால் மக்கள் வாங்காமல் தள்ளிப்போடுகிறார்கள் என்று தலைமை நிர்வாகி டிம் குக் வெளிப்படையாகச் சொன்னார். விற்பனை குறைந்ததற்கு வதந்தியைச் சாக்காக்குவது வசதியான உத்திதான். ஆனால் நம் வீடுகளையே பாருங்கள். "இப்ப வாங்காதே, செப்டம்பர்ல புதுசு வருது" என்று சொல்லும் மைத்துனர் இல்லாத குடும்பம் உண்டா? அவர் பேச்சைக் கேட்டு மூன்று செப்டம்பர் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

கசிவுகளில் பேர்போனது 2010-இல் நடந்தது. மார்ச் 18 இரவு, கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் ஒரு ஜெர்மன் பீர்க் கடையில் ஆப்பிள் பொறியாளர் ஒருவர் ஒரு போனை மறந்துவிட்டுப் போனார். பார்வைக்கு அது அப்போது விற்றுக்கொண்டிருந்த ஐபோன் 3ஜிஎஸ் மாதிரியே இருந்தது. மேலே போட்டிருந்த உறை அதற்கென்றே செய்த மாறுவேடம். கண்டெடுத்தவர் உறையைக் கழற்றியபோது உள்ளே வேறொரு போன். கிஸ்மோடோ என்ற தொழில்நுட்ப இதழ் 5,000 டாலர் கொடுத்து அதை வாங்கி, ஏப்ரல் 19 அன்று திருகு திருகாகப் பிரித்துப் படம் போட்டது. அது நிஜமா, போலியா என்ற சர்ச்சையை முடித்துவைத்தது ஆப்பிளின் வழக்கறிஞர் எழுதிய கடிதம். எங்கள் பொருளைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் அது அவர்கள் பொருள் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

இதில் எனக்குப் பிடித்தது வேறு. படங்களில் போனைச் சுற்றி ஓர் எஃகுப் பட்டை, அதில் மெல்லிய கறுப்புக் கோடுகள். இவ்வளவு அழகாகப் பொருள் செய்கிறவர்கள் இப்படிப் பட்டையை வெட்டி வைப்பார்களா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அந்தப் பட்டைதான் ஆன்டெனா. துண்டுகளைப் பிரிப்பது அந்தக் கோடுகள். ஜூனில் ஐபோன் 4 வந்தது. இடது கீழ் மூலைக் கோட்டின் மேல் உள்ளங்கை பட்டால் சிக்னல் விழுகிறது என்று வாங்கியவர்கள் புகார் செய்தார்கள். ஜூலை 16 அன்று ஜாப்ஸ் செய்தியாளர்களைக் கூட்டி, ரப்பர் உறையை இலவசமாகத் தருகிறோம் என்று அறிவிக்க வேண்டிவந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பே உலகமே அந்தக் கோட்டை உற்று உற்றுப் பார்த்திருந்தது. கோடு தெரிந்தது. பிடித்தால் என்ன ஆகும் என்பது படத்தில் தெரியக்கூடியதா?

மறு ஆண்டு கதை நேர் எதிர்ப்பக்கம் புரண்டது. ஐபோன் 5 கண்ணீர்த்துளி வடிவில், ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து வரும் என்று 2011 முழுவதும் பேச்சு. கவர் செய்கிறவர்கள் அதை நம்பி அச்சு வெட்டினார்கள், சரக்கும் போட்டார்கள். அக்டோபர் 4 அன்று வந்தது ஐபோன் 4எஸ். வெளிக்கூடு ஏறக்குறைய பழைய 4-தான். ஏப்ரல் முதல் ஜூன் வரை 2.03 கோடி ஐபோன் விற்ற ஆப்பிள், ஜூலை முதல் செப்டம்பர் வரை விற்றது 1.7 கோடி. புதிய போன் பற்றிய வதந்திதான் காரணம் என்று அப்போதும் குக் சொன்னார். இல்லாத ஒரு போனுக்காக ஜனம் காத்திருந்திருக்கிறது.

அடுத்த ஆண்டு, இரகசியத்தை இன்னும் இறுக்கப்போகிறோம் என்று குக் ஒரு பேட்டியில் சொன்னார். இறுக்குவது என்றால் நடைமுறையில் என்ன என்பது வெளியே தெரிய ஐந்தாண்டு ஆயிற்று, அதுவும் ஒரு கசிவினால்! ஊழியர்களுக்குக் கசிவைத் தடுப்பது பற்றி ஆப்பிள் நடத்திய வகுப்பின் ஒலிப்பதிவு 2017 ஜூனில் ‘தி அவுட்லைன்’ இதழுக்குக் கிடைத்தது. அமெரிக்க விமான நிலையங்களில் அப்போது ஒரு நாளைக்கு அதிகபட்சம் 18 லட்சம் பேரைச் சோதித்தார்களாம். ஆப்பிளுக்காகச் சீனாவில் 40 தொழிற்சாலைகளின் வாசலில் மட்டும் நாளொன்றுக்கு 27 லட்சம் சோதனை என்கிறது அந்தப் பதிவு. திருட்டின் இலக்கு பெரும்பாலும் வெளிக்கூடு. சிப்பையோ சர்க்யூட் பலகையையோ கொண்டுபோனால் கறுப்புச் சந்தைக்காரனுக்குப் புரியாது. கூடு கிடைத்தால் திரை எவ்வளவு, கேமரா எத்தனை, பட்டன் எங்கே, என்ன நிறம் என்று முக்கால்வாசிக் கதை தெரிந்துவிடும். கால்விரல் இடுக்கில் வைத்து, வேலிக்கு மேல் எறிந்து, கழிவறையில் போட்டுச் சாக்கடையில் பொறுக்கியெடுத்து என்று தொழிலாளர்கள் கடத்தியிருக்கிறார்கள். கூலி மூன்று மாதச் சம்பளத்திலிருந்து ஓராண்டுச் சம்பளம் வரை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2013-இல் ஐபோன் 5சி அறிவிப்புக்கு முன்பு, களவுபோன தன் கூடுகளில் 19,000-ஐ ஆப்பிளே சந்தையில் விலைகொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறது. 2014-இல் 387 களவு, 2015-இல் 57, 2016-இல் 6.5 கோடி கூடுகளுக்கு 4 என்று அது தேய்ந்துவந்ததாக வகுப்பில் பெருமையாகச் சொன்னார்கள். தொழிற்சாலை வாசலை அடைத்தபின் கசிவு அலுவலகத்துக்கு இடம் மாறியது. அந்த ஆண்டில் ஆலைகளைவிட ஆப்பிளின் சொந்த வளாகத்திலிருந்துதான் அதிகம் கசிந்ததாம். வகுப்பு அம்பலமான அடுத்த மாதமே அதற்குச் சான்றும் கிடைத்தது. ஹோம்பாட் ஒலிபெருக்கிக்கான மென்பொருளைத் தவறுதலாகப் பொதுவில் வைத்துவிட்டார்கள். அதற்குள், திரையின் உச்சியில் பள்ளம் விழுந்த, அதுவரை யாரும் காணாத ஒரு போனின் கோட்டுப்படம். ஐபோன் எக்ஸ். திருடனே தேவைப்படவில்லை.

இதுவரை சொன்னவற்றில் ஊகம் ஒன்று பலிக்கும், அல்லது பொய்க்கும். மூன்றாவது வகை ஒன்று உண்டு. ஊகம் உண்மை, பொருளும் உண்மை, ஆனாலும் போனில் வராது. ஐபோன் 6-இன் சஃபயர் திரை அந்த வகை.

சஃபயர் என்றால் நீலக்கல். ஆனால் தொழிற்சாலையில் விளைவிக்கும் கல்லில் நீலம் கிடையாது, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். வேதியியலில் அது அலுமினியம் ஆக்சைடு. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படிகளில் நிற்பது, சாவியோ கத்தியோ அதைக் கீறாது. 2013 நவம்பரில் ஜிடி அட்வான்ஸ்டு டெக்னாலஜிஸ் என்ற நிறுவனத்தோடு ஆப்பிள் ஒப்பந்தம் போட்டது. அரிசோனாவின் மேசாவில் ஆலை, ஆப்பிள் தரும் முன்பணம் 57.8 கோடி டாலர், 2,000-க்கும் மேற்பட்ட உலைகள். பங்குச் சந்தைக்குத் தெரிவித்தாக வேண்டிய செய்தி என்பதால் இது கசிவே அல்ல, பகிரங்கம். அடுத்த ஐபோனுக்குக் கீறல் விழாத திரை என்று ஊகிக்க இதைவிட என்ன வேண்டும்? 2014 ஜூலையில் மார்க்கெஸ் பிரவுன்லீ என்ற யூடியூப் விமர்சகர், கசிந்து வந்த ஐபோன் 6 முன்பலகை ஒன்றைக் கத்தியால் குத்தி, சாவியால் கீறி, காலால் வளைத்துக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. சஃபயர்தான் என்று உலகம் நம்பியது. பிறகு அவரே உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். கீறல் விழுந்தது. அசல் சஃபயராக இருந்தால் விழுந்திருக்கக் கூடாது. வெறும் காகிதம் ஒன்று அத்தனை ஊகத்துக்கும் விடை சொல்லிவிட்டது. ஆனால் நம்பவிரும்பியவர்கள் முதல் வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேசாவில் அப்போது நடந்துகொண்டிருந்தது நீதிமன்ற ஆவணங்களில் பின்னர் வெளியானது. உலை செய்து விற்பதுதான் ஜிடியின் தொழில். இவ்வளவு பெரிய அளவில் கல் விளைவித்துப் பழக்கமில்லை. ஆப்பிள் கேட்டது 262 கிலோ எடையுள்ள உருளைக் கட்டிகள். ஒரு கட்டி உலையில் மெல்ல உறைந்து முடிய ஏறத்தாழ ஒரு மாதம். அதற்குள் வெப்பம் தடுமாறினால், மின்சாரம் ஒரு முறை தடைப்பட்டால், கட்டி விரிசல் விட்டுவிடும். முதல் கட்டியே உபயோகப்படாத அளவுக்கு விரிசல் விட்டு வந்தது. 2014 செப்டம்பர் 9 அன்று ஐபோன் 6 சாதாரணக் கண்ணாடியோடு வந்தது. அக்டோபர் 6 அன்று ஜிடி திவால் மனு கொடுத்தது. ஒரே நாளில் பங்கு விலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போயிற்று. அடுத்த போனைப் பற்றிய ஊகத்தை நம்பி அந்தப் பங்கை வாங்கிவைத்தவர்களுக்கு அது விளையாட்டுச் செய்தி அல்ல.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. ஆப்பிளின் திட்டங்களை ஜிடி வெளியே சொன்னால் ஒவ்வொரு முறைக்கும் 5 கோடி டாலர் அபராதம். இதனால் ஒரு விபரீதம் நேர்ந்தது. ஆப்பிள் சஃபயர் ஆலை போட்டிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கல் விரிசல் விடுகிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. இரகசியம் நல்ல செய்தியைக் காக்கவில்லை, கெட்ட செய்தியைக் காத்தது.

முயற்சி கசிவதும் முடிவு கசியாததும் பிறகும் தொடர்ந்தன. 2021-இல் பங்குச்சந்தை ஆய்வாளர் மிங்-சி குவோ, ஐபோன் 13 செயற்கைக்கோளோடு பேசும் என்றார். இந்தத் துறையில் அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். தைவானின் உதிரிபாக வட்டாரங்களில் அவருக்குக் காதுகள் உண்டு. 13-இல் அது வரவில்லை. மறு ஆண்டு 14-இல், ஆபத்தில் செய்தி அனுப்பும் வசதியாக வந்தது. அவர் சொன்னது பொய்யா? நாள் தவறிய உண்மை என்பேன். 2023-இல் ஐபோன் 15 ப்ரோவில் அழுந்தாத, அதிர்வால் மட்டுமே அழுந்தியதாக உணர்த்தும் பட்டன்கள் வருகின்றன என்று பேச்சு. அந்த அதிர்வுக்கான சிப் செய்வதாகக் கருதப்பட்ட சிரஸ் லாஜிக் நிறுவனத்தின் வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. எல்லோரும் அறிந்த வாடிக்கையாளர். அந்த ஆண்டு மே மாதம் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில், எதிர்பார்த்த புதிய பாகம் ஒன்று திட்டமிட்டபடி சந்தைக்கு வராது என்று யார் பெயரையும் சொல்லாமல் சிரஸ் எழுதியது. ஒரு போனின் பட்டனைப் பற்றிய மிக நம்பகமான செய்தி அப்படி ஒரு சலிப்பூட்டும் நிதிக் கடிதத்தில் வந்தது. அத்தகைய கடிதத்தைப் பொறுமையாக வாசிப்பவருக்கு, வண்ணப் படங்களைப் பார்ப்பவரைவிட அதிகம் தெரியும்.

இப்போது அடுத்த தலைமுறை என்றால் எல்லோர் வாயிலும் மடிப்பு ஐபோன். சாம்சங் 2019-லேயே மடிப்பு போனைக் காட்டிவிட்டது. விமர்சகர்களுக்குக் கொடுத்த போன்களில் திரை பழுதானதால், ஏப்ரலில் விற்க இருந்ததை நிறுத்திச் செப்டம்பரில்தான் விற்றது. ஆப்பிளின் மடிப்பு போன் 2026-இல் வரும், புத்தகம் போலத் திறக்கும், மடிப்புக் கோடு கண்ணுக்குத் தெரியாது, விலை 2,000 டாலரை ஒட்டியிருக்கும் என்பது 2025 முடிவில் சுற்றிய பேச்சு. இவற்றை நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். புத்தகம் போலத் திறப்பது கூட்டின் விஷயம். டம்மி வந்துவிட்டால் நம்பலாம். மடிப்புக் கோடு தெரியாது என்பதைப் பத்தாயிரம் முறை திறந்து மூடியபிறகுதான் யாரும் சொல்ல முடியும், அது மேசாவின் கல் போன்ற சங்கதி. வருடமும் விலையும் ஒரு அறைக்குள் இருப்பவை. 2010 ஜனவரியில் ஐபேட் வரும் முன்பு ஆயிரம் டாலர் என்றுதான் பலரும் எழுதினார்கள். மேடையில் 499 என்று வந்தது.

கூடு செய்யும் இடம் இப்போது நமக்கும் பக்கத்தில் வந்துவிட்டது. 2022-இல் ஐபோன் 14 அறிவிக்கப்பட்ட மூன்று வாரத்துக்குள் அது இந்தியாவில் தயாராகிறது என்று ஆப்பிள் சொன்னது. அது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், ஃபாக்ஸ்கான் ஆலையில். வெளிக்கூடுகளை ஓசூருக்கு அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் செய்கிறது. வெளியீட்டு நாளன்றே கடையில் இருக்க வேண்டும் என்றால், அதற்கு வாரங்களுக்கு முன்பே வரிசை ஓட வேண்டும். பெங்களூரு நெடுஞ்சாலையில் விடியற்காலை ஷிஃப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்களில் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஆப்பிளின் கூப்பர்டினோ மேடையில் திரை விலகும்போது உலகம் வாய்பிளக்கும் நிறம், அவர்களில் சிலர் கைகளில் ஆயிரக்கணக்கான முறை கடந்துபோயிருக்கும். அதைப் பற்றி யாரும் அவர்களிடம் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், வேலை போய்விடும்.

செப்டம்பர் கடைசியில் மறுபடி ரிச்சி தெருப் பக்கம் போனேன். ஒட்டிய கிளாஸின் ஓரம் தூக்கியிருந்தது. கடையில் ப்ரோ கவர்கள் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தன. பையன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மெல்லிய போனுக்கான கவர்ப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். எல்லாப் பெட்டியிலும் ‘17 ஏர்’ என்று அச்சாகியிருந்தது. கறுப்பு மார்க்கரால் ஒவ்வொன்றாக 17-ஐ அடித்துக்கொண்டிருந்தான்.

"உள்ளே கவர் சரியா இருக்கா, தம்பி?"

"கவர் கரெக்டா உக்காருது சார். பேருதான் மாறிப்போச்சு. இன்னும் இருநூறு பெட்டி இருக்கு."